கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்: எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் கண் நேராகப் போவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களுக்குத்தான். பக்கத்தில் ஒரு நட்சத்திரமோ மேல்நோக்கிய அம்போ இருந்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. எதுவும் இல்லையென்றால் தாளை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். கொலஸ்ட்ரால் விஷயத்தில் இந்த இரண்டுமே அவசர முடிவுகள். அச்சாகியிருக்கும் எல்லைக்கோடு எல்லோருக்கும் பொதுவானது. உங்களுக்கான கோடு அதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில், அதாவது 100 மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்பட்டுள்ளன.

கொலஸ்ட்ரால் உடம்புக்குக் கெடுதலான பொருளா?

இல்லை. கொலஸ்ட்ரால் இல்லாமல் உயிர்வாழ முடியாது. ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் சவ்வில் அது இருக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள், கார்ட்டிசோல், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள், தோலில் உருவாகும் வைட்டமின் டி ஆகிய எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் அதுதான். அதனால்தான் உடம்பு உணவை நம்பிக் காத்திருப்பதில்லை. தேவையானதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. ரத்தத்தில் அது எவ்வளவு நேரம், எவ்வளவு மிகுதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்று இரண்டு வகை உண்டா?

கொலஸ்ட்ரால் ஒன்றுதான். அது எதில் பயணம் செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். கொழுப்பு ரத்தத்தில் கரையாது. அதனால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துகள்களில் ஏற்றி அனுப்பப்படுகிறது. அவற்றை வண்டிகள் என்று வைத்துக்கொள்ளலாம். எல்.டி.எல். என்ற வண்டி கொலஸ்ட்ராலைத் திசுக்களுக்குக் கொண்டுபோகிறது. எச்.டி.எல். மிச்சத்தை எடுத்துக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்புகிறது. வி.எல்.டி.எல். என்பது கல்லீரலிலிருந்து ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பும் பெரிய வண்டி.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் எவ்வளவு இருந்தால் இயல்பு?

பொதுவாக அச்சிடப்படும் எல்லைகள் இவை. மொத்த கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருப்பது நல்லது, 200 முதல் 239 வரை எல்லைக்கோட்டில், 240-ம் அதற்கு மேலும் அதிகம். எல்.டி.எல். 100-க்குக் கீழே இருந்தால் விரும்பத்தக்கது, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160-லிருந்து அதிகம், 190-லிருந்து மிக அதிகம். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போனால் குறைவு. ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே இயல்பு, 200-லிருந்து அதிகம், 500-ஐத் தொட்டால் மிக அதிகம்.

வேறு நாட்டில் எடுத்த ரிப்போர்ட்டில் 5.2, 3.4 என்று சிறிய எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். அது மில்லிமோல் கணக்கு. கொலஸ்ட்ரால் எண்களை 38.7-ஆல் பெருக்கினால் மி.கி. கணக்கு வந்துவிடும். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.6-ஆல் பெருக்க வேண்டும்.

மொத்த கொலஸ்ட்ரால் 225 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த ஓர் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒருவருக்கு எச்.டி.எல். 80 இருப்பதால் மொத்தம் 225 ஆகியிருக்கலாம். இன்னொருவருக்கு எச்.டி.எல். 35, எல்.டி.எல். 155 இருந்து அதே 225 வந்திருக்கலாம். இந்த இரண்டு பேரின் நிலைமையும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால், மொத்தத்தைப் பார்த்த கையோடு அதிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்துவிடுங்கள். முதலாமவருக்கு 145, இரண்டாமவருக்கு 190. இதற்கு நான்-எச்.டி.எல். என்று பெயர். தமனிச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதற்குள் வந்துவிடும். தனிச் செலவில்லை, ஒரு கழித்தல் போதும். ஆனாலும் பல ரிப்போர்ட்டுகளில் இது கடைசி வரியில் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. எல்.டி.எல்.-க்கு வைக்கும் இலக்கோடு 30-ஐக் கூட்டினால் நான்-எச்.டி.எல்.-க்கான இலக்கு கிடைத்துவிடும்.

எனக்கும் எல்.டி.எல். 130, என் நண்பருக்கும் 130. அவருக்கு மட்டும் மாத்திரை, எனக்கு நடைப்பயிற்சி. ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

மருத்துவர் பார்ப்பது எண்ணை மட்டுமல்ல, அந்த எண்ணைச் சுமக்கிற ஆளையும்தான். வயது, ஆணா பெண்ணா, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சிறுநீரகத்தின் நிலை, அப்பா அம்மா உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுகிறார்கள். 30 வயதில், புகைக்காத, ரத்த அழுத்தம் சரியாக இருக்கும் ஒருவருக்கு 130 என்பது "கவனமாக இருங்கள்" என்ற அளவில் நிற்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு அதே 130 ரொம்பவே அதிகம்.

2019-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை எண்களாகவே சொல்கிறது. ஆபத்து குறைவானவர்களுக்கு எல்.டி.எல். 116-க்குக் கீழே, நடுத்தர ஆபத்துக்கு 100-க்குக் கீழே, அதிக ஆபத்துக்கு 70-க்குக் கீழே, இதய நோய் வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழே. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் எல்லோருக்கும் ஒரே எல்லைதான் அச்சாகியிருக்கும். மாரடைப்பு வந்தவரின் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 95 என்று இருந்தால் அதன் பக்கத்தில் எந்த அம்பும் இருக்காது. அவரும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அவருடைய மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அம்புக்குறியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை விட, அம்பு இல்லாததால் நிம்மதியாகிவிடுகிற இவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

எல்.டி.எல். மிகுந்தால் அடைப்பு வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? சிலர் இதெல்லாம் மருந்துக் கம்பெனிகளின் கதை என்கிறார்களே?

ஒரே ஓர் ஆய்வை மட்டும் வைத்து இதைச் சொன்னால் சந்தேகப்படலாம். ஆனால் வெவ்வேறு திசையிலிருந்து வந்த சான்றுகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

1913-ல் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயல் தாவர உண்ணி, மனிதன் அப்படியல்ல என்ற ஆட்சேபம் நியாயமானதே. 1948-ல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வு மனிதர்களையே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவதைக் கண்டது. அடுத்து மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பிகள் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வருவதன் காரணமும் அதோடு விளங்கியது. அந்தப் பணிக்காக 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு எல்லாவற்றையும் விட வலுவாகத் தெரிவது மரபணுச் சான்றுதான். பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு சரியாக வேலை செய்யாமல் பிறக்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆயுள் முழுக்க எல்.டி.எல். குறைவாகவே இருக்கும். 2006-ல் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களில் இந்த மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு! மாத்திரை இல்லை, கம்பெனியும் இல்லை, பிறப்பு மட்டும்தான். கொலஸ்ட்ராலின் அளவோடு அது எத்தனை ஆண்டுகள் ரத்தத்தில் இருந்தது என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. 25 வயதில் எல்.டி.எல். 160 இருப்பவரை "சின்ன வயசுதானே" என்று விட்டுவிடக் கூடாது என்பதன் காரணம் இதுதான்.

தமனிக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

எல்.டி.எல். துகள்கள் தமனிச் சுவரின் உட்படலத்தைத் தாண்டி உள்ளே புகுந்து சிக்கிக்கொள்கின்றன. அங்கே அவை வேதிமாற்றம் அடைய, வெள்ளையணுக்கள் வந்து அவற்றை விழுங்கி, கொழுப்பு நிறைந்த செல்களாக வீங்கித் தேங்குகின்றன. பல ஆண்டுகளில் அது ஒரு படிவாக வளர்கிறது. படிவு குழாயை மெல்ல மெல்லக் குறுக்கித்தான் மாரடைப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. படிவின் மேல்மூடி திடீரென்று கிழிகிறது, அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. 40 சதவீத அடைப்பும் கிழியலாம். அதனால்தான் நேற்று வரை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவருக்கு இன்று மாரடைப்பு வருகிறது.

எச்.டி.எல். 65 இருக்கிறது. அது எல்.டி.எல்.-ஐச் சரிக்கட்டிவிடும் அல்லவா?

அப்படித்தான் ஒரு காலத்தில் நம்பினார்கள். எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. அப்படியானால் மருந்து கொடுத்து அதை ஏற்றிவிட்டால்? டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ நன்றாகவே ஏற்றியது. ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்களில் இறப்பு கூடியதால் 2006-ல் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. நியாசின் மாத்திரையும் எச்.டி.எல்.-ஐ ஏற்றியது. எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

எச்.டி.எல். ஓர் அடையாளம். உடற்பயிற்சி இல்லாமை, வயிற்றுப் பருமன், புகைத்தல், சர்க்கரை நோய் எல்லாம் அதை இறக்கிவிடும். அது குறைவாக இருந்தால் வேறு ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக இருப்பதைக் கவசமாக நினைக்க வேண்டாம். 100-ஐத் தாண்டிப் போவதும் நல்ல செய்தி அல்ல என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன.

ட்ரைகிளிசரைடு 280. எண்ணெயைக் குறைத்துப் பார்த்தும் இறங்கவில்லையே?

எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை என்பதால்தான். தேவைக்கு மேல் போகும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றுகிறது. மதுவும் அதை ஏற்றும். இனிப்புப் பானம், மைதா, மது, உடல் எடை ஆகியவற்றைக் கவனித்தால் இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் விட வேகமாக இறங்கும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் இது ஏறும், ஆகவே 280-ஐப் பார்த்ததும் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது. 500-ஐத் தாண்டினால் கவலையே வேறு: கணையம் திடீரென்று அழற்சி அடையும் அபாயம். அங்கே முதல் வேலை இந்த எண்ணை இறக்குவதுதான்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சாப்பிட்ட பிறகு ட்ரைகிளிசரைடு ஓரளவு ஏறும், மற்றவை மிகக் கொஞ்சமே மாறும். 2016-ல் ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் வெறும் வயிறு கட்டாயமில்லை என்று அறிவித்தன. சாப்பிட்ட நிலையில் ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் சர்க்கரைப் பரிசோதனையும் சேர்த்து எடுப்பதால் பல லேப்களில் வெறும் வயிற்றில்தான் வரச் சொல்வார்கள். போங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

ரிப்போர்ட்டில் எல்.டி.எல். "கணக்கிடப்பட்டது" என்று இருக்கிறது. அளக்கவில்லையா?

பல லேப்களில் அளப்பதில்லை. 1972-ல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இதற்குப் பயன்படுகிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். மொத்தம் 210, எச்.டி.எல். 45, ட்ரைகிளிசரைடு 150 என்றால், 210-லிருந்து 45-ம் 30-ம் போக எல்.டி.எல். 135. நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தச் சூத்திரம் உதவாது. எல்.டி.எல். மிகவும் குறைவாக இருக்கும்போதும் தடுமாறும். அப்போது நேரடியாக அளக்க வேண்டும், இல்லையென்றால் நான்-எச்.டி.எல்.-ஐ நம்பலாம்.

அபோ பி, எல்பி(ஏ) என்று கூடுதல் பரிசோதனைகள் சொல்கிறார்கள். தேவையா?

தமனியில் படியக்கூடிய ஒவ்வொரு துகளிலும் ஒரே ஓர் அபோ பி புரதம் இருக்கும். அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கையே தெரிந்துவிடும். சர்க்கரை நோய், பருமன், ட்ரைகிளிசரைடு மிகுதி உள்ளவர்களுக்கு எல்.டி.எல். சுமாராகத் தெரிந்தாலும் துகள் எண்ணிக்கை அதிகமாக இருக்கலாம். அங்கே இந்தப் பரிசோதனை உதவும்.

எல்பி(ஏ) என்பது எல்.டி.எல். போன்ற ஒரு துகள், பரம்பரையாக வருவது. உணவும் உடற்பயிற்சியும் அதைப் பெரிதாக மாற்றாது. 50 மி.கி.-க்கு மேல் இருந்தால் அதிகம், சுமார் ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. ஆயுளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருந்தால் கட்டாயம் கேட்டு எடுங்கள். "அதையே மாற்ற முடியாதே, பார்த்து என்ன பயன்?" என்று தோன்றலாம். அது அதிகமாக இருப்பது தெரிந்தால் ரத்த அழுத்தம், எல்.டி.எல். போன்ற மாற்றக்கூடிய மற்றவற்றில் விட்டுக்கொடுக்காமல் இருப்போம்.

தலைசுற்றல், படபடப்பு, கழுத்துவலி எல்லாம் கொலஸ்ட்ராலின் அறிகுறியா?

இல்லை. கொலஸ்ட்ராலுக்கு அறிகுறி கிடையாது. பலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்பாக இருந்துவிடுகிறது. தோலிலும் கண்ணிலும் மட்டும் சில தடயங்கள் உண்டு: இமை ஓரத்தில் மஞ்சள் படலம், குதிகால் தசைநாணிலோ விரல் முட்டித் தசைநாணிலோ கெட்டியான வீக்கம், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம். தசைநாணில் வீக்கம் இருந்தால் அது பரம்பரைக் கொலஸ்ட்ராலுக்கு வலுவான அடையாளம்.

நான் ஒல்லி. எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரால்?

உடல் எடைக்கும் எல்.டி.எல்.-க்கும் தொடர்பு நாம் நினைக்கும் அளவுக்கு நெருக்கமானதல்ல. எடை கூடினால் ட்ரைகிளிசரைடும் எச்.டி.எல்.-உம்தான் பெரிதாகக் கெடும். எல்.டி.எல்.-ஐ அதிகம் தீர்மானிப்பது கல்லீரலின் ஏற்பிகள், அதாவது பிறப்பிலேயே வந்தது.

குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் என்ற நிலை சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, ஆகவே இதை அரிய நோய் என்று சொல்ல முடியாது. எல்.டி.எல். 190-ஐத் தொட்டால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் ஒருவருக்குத் தெரிந்தால் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். இவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. "நான் இவ்வளவு கவனமாகச் சாப்பிட்டும் ஏன் இறங்கவில்லை" என்று தன்னைத்தானே நொந்துகொள்ளவும் தேவையில்லை.

வேறு நோயால் கொலஸ்ட்ரால் ஏறுமா?

ஏறும். தைராய்டு குறைபாடு முதல் சந்தேகம். புதிதாக எல்.டி.எல். ஏறியவர்களுக்கு டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை எடுக்காமல் மாத்திரை தொடங்குவதை நான் விரும்ப மாட்டேன். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் சிறுநீரக நோய், பித்தநீர் அடைப்பு, ஸ்டீராய்டு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் போன்ற மருந்துகளும் காரணமாகலாம். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே ஏறும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்.டி.எல். கூடுவது வழக்கம், அதுவரை இயல்பாக இருந்தவர்களும் அந்த வயதில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டை சாப்பிடலாமா?

ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கருவில் 186 மி.கி. அளவில் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனால் உணவிலுள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலோருக்கு ரத்த அளவைக் கொஞ்சமே மாற்றும், ஏனென்றால் உள்ளே வருவது கூடினால் கல்லீரல் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 300 மி.கி. என்று வைத்திருந்த வரம்பை 2015-க்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதல் எடுத்துவிட்டது. ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டையால் பெரிய கேடு இல்லை. சர்க்கரை நோயோ பரம்பரைக் கொலஸ்ட்ராலோ இருந்தால் கொஞ்சம் கணக்காகச் சாப்பிடலாம்.

எல்.டி.எல்.-ஐ உண்மையில் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு: வெண்ணெய், நெய், கொழுப்பு மிகுந்த சிவப்பு இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் இருப்பது. அதைவிட மோசம் டிரான்ஸ் கொழுப்பு. அது எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐயும் இறக்கும். தாவர எண்ணெய்ப் பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். தாவரங்களில் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் எப்போதுமே இல்லை. நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காபிப் பிரியர்களுக்கு ஒரு தகவல்: தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டாமல் குடிக்கும் காபியில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்.-ஐ ஏற்றும். காகித வடிகட்டியில் இறக்கினால் அது பெரும்பாலும் தங்கிவிடும்.

உணவாலும் உடற்பயிற்சியாலும் எவ்வளவு குறைக்க முடியும்?

நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக நிறைவுறாத கொழுப்பு, ஓட்ஸ், பார்லி, பருப்பு, பயறு, பழங்களிலிருந்து கரையும் நார்ச்சத்து, கொட்டைப் பருப்புகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் எல்.டி.எல். 10 முதல் 20 சதவீதம் இறங்கலாம். 140 இருந்தவருக்கு அது போதுமானதாக இருக்கும். 210 இருந்தவருக்குப் போதாது. நடையும் ஓட்டமும் ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் நன்றாக இறக்கும், எல்.டி.எல்.-ஐ மட்டும் கொஞ்சமாகத்தான் தொடும். அதைக் காரணம் காட்டி நடையை விட்டுவிடாதீர்கள். நாம் குறைக்க நினைப்பது மாரடைப்பை. புகைப்பதை நிறுத்துவதும் அதே கணக்கில் சேரும்.

ஸ்டாடின் மாத்திரை என்ன செய்கிறது? எவ்வளவு பலன்?

1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சைகளை ஆராய்ந்து, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்த லோவாஸ்டாடின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலின் உள்தயாரிப்பு குறைந்ததும் அது தன் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்ளும். வீரியமான டோஸில் 50 சதவீதமும் அதற்கு மேலும் குறையும்.

1994-ல் வெளியான ஒரு ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில் சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களின் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்.டி.எல். 39 மி.கி. குறைந்தால் பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஆபத்து அதிகம் உள்ளவருக்கு இந்த ஐந்தில் ஒரு பங்கு பெரிய லாபம், மிகக் குறைவாக உள்ளவருக்குச் சிறிய லாபம். நண்பருக்கு மாத்திரை, உங்களுக்கு நடை என்று மருத்துவர் பிரித்துச் சொன்னதும் இந்தக் கணக்கால்தான்.

ஸ்டாடின் போதாதபோது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் மாத்திரையைச் சேர்ப்பார்கள். அதற்கும் மேல், பி.சி.எஸ்.கே.9-இன் வேலையைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் புழக்கத்தில் உள்ளன.

ஸ்டாடின் எடுத்தால் தசைவலி, சர்க்கரை நோய் வரும் என்கிறார்களே?

தசைவலியைப் பலரும் சொல்கிறார்கள், வலியும் பொய்யல்ல. ஆனால் காரணம் எப்போதும் மாத்திரை அல்ல. 2020-ல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாடின், சில மாதங்கள் வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லாமல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப்பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள்.

உண்மையான தசைச் சிதைவு மிக அரிது. கடுமையான வலி, பலவீனம், அடர்பழுப்பு நிறச் சிறுநீர் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் வாய்ப்பு சற்றே கூடுவது உண்மை. அது பெரும்பாலும் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு வருகிறது, அவர்களுக்கும் இதயத்துக்குக் கிடைக்கும் பலன்தான் பொதுவாகப் பெரிது. சில ஆன்டிபயாடிக், கிரேப்ஃப்ரூட் சாறு ஆகியவை சில ஸ்டாடின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மாத்திரையில் எல்.டி.எல். 68-க்கு வந்துவிட்டது. இனி நிறுத்தலாமா?

68 வந்ததே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். எடை நன்றாகக் குறைந்து, வாழ்க்கை முறையும் மாறியிருந்தால் டோஸைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். மாரடைப்பு வந்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

எல்.டி.எல். போன மாதம் 128, இந்த மாதம் 139. மோசமாகிவிட்டதா?

அநேகமாக இல்லை. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் சில சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு, லேபுக்கு லேப் வித்தியாசமும் உண்டு. காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு போன்றவற்றுக்குப் பின் எண் தற்காலிகமாக இறங்கியும் காட்டும். ஒரே லேபில், இரண்டு மூன்று மாத இடைவெளியில் எடுத்து, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வாராவாரம் எடுப்பதில் ஒரு பலனும் இல்லை.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

20 வயதைத் தாண்டியதும் ஒருமுறை. எல்லாம் சரியாக இருந்தால் 4 முதல் 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு இருந்தால் இன்னும் அடிக்கடி. மாத்திரை தொடங்கினாலோ டோஸை மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்தில் ஒருமுறை, அதன்பின் 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "என் கொலஸ்ட்ரால் நார்மலா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எனக்கு எல்.டி.எல். எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.